குறைந்தாலும் தலைவலி, கூடினாலும் தலைவலி: எங்கள் 7 சீட் டீசலும் அதன் ஆயிலும்

2019-இல் டர்பனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. 2016 மாடல், 2 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், வாங்கும்போது 78,000 கிலோமீட்டர், இப்போது 1,64,000. ஐரோப்பியக் கம்பெனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தவிர நான் சொல்லப்போகும் விஷயம் டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி வைத்த எந்த டீசலுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்3 ஹைவேயில் இதை அடிக்க ஆள் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க் இங்கிருந்து ஏறக்குறைய 570 கிலோமீட்டர், கடல் மட்டத்தில் கிளம்பி 1,700 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறோம். ஆறு பேர், மாமியாரின் மூன்று பைகள், பின்னால் ஒரு மாவு கிரைண்டர் (ஏன் என்று கேட்காதீர்கள்), இத்தனையோடும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டிய ஏற்றத்தில் லாரிகளை ஓரம்கட்டிவிட்டு மூச்சுகூட வாங்காமல் போகும். நூறு கிலோமீட்டருக்கு 6.4 லிட்டர். ஊருக்குள் 9-ஐத் தொடும், அது வேறு கதை. இல்லை, அதுதான் கதையே.

வாங்கிய முதல் வருடம் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கும். ஆஹா, சொட்டு ஆயில் குடிக்காத வண்டி கிடைத்தது என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பார்த்தால் மேல் கோட்டுக்கு ஒரு விரல் உயரம் மேலே நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. டிஷ்யூ பேப்பரில் துடைத்து மூக்கருகே கொண்டுபோனால் குப்பென்று டீசல் வாடை, விரலில் தேய்த்தால் ஆயிலுக்குரிய வழவழப்பே இல்லை, தண்ணி மாதிரி இருந்தது.

காரணம் வண்டி இல்லை, நாங்கள்தான். சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கு மூன்றரை கிலோமீட்டர், மனைவி காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போய் வருவாள். டிபிஎஃப் சேர்த்து வைக்கும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும், அதற்கு அது கிட்டத்தட்ட 600 டிகிரி சூடாக வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து கீழே ஆயிலில் கலந்துவிடும். ஹைவேயில் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், கலந்த டீசலும் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும். பள்ளி வாசலில் பாதியில் அணைத்தால் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து. நின்ற இடத்தில் ஐடில் வேகம் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு ஏறுவது, சாவியை எடுத்த பிறகும் ஃபேன் கத்திக்கொண்டே இருப்பது எல்லாம் இதன் அடையாளம். மாதக்கணக்கில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டு டர்பன் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆயில் குறைவதைவிட இப்படிக் கூடுவதுதான் எனக்குப் பயம். குறைந்தால் விளக்காவது எரியும். கூடினால் பல வண்டிகள் வாயே திறக்காது, நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தேயும், ரொம்பவே கூடிப்போனால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும். உடனே ஆயிலை மாற்றினோம். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பள்ளியில் விட்டுவிட்டு ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா என்று ஏற்பாடு. மனைவிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. அப்புறம் 1,30,000 தாண்டியதும் நேர் எதிராக ஆரம்பித்தது. 2,400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காணோம். ஒரு புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஐடிலில் நின்று நின்று நகர்ந்தோம், ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் பின்னால் நீலப் புகை. பின் வண்டியில் இருந்த ஆயா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன், கூசிப்போய்விட்டது.

டீலரிடம் கொண்டுபோனால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை நார்மல், புத்தகத்திலேயே இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான், நானும் படித்தேன். கணக்குப் போடுங்கள்: 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் ஏழரை லிட்டர். வண்டியின் வயிறு கொள்வதே ஐந்து. அது மொத்தத்தையும் குடித்துவிட்டு இன்னொரு பாதி கேட்டாலும் நார்மலாம்! நான் விடாமல் நின்றதும், சரி டர்போ போயிருக்கும், 28,000 ரேண்ட் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபீனிக்ஸில் வீட்டோடு சேர்ந்த சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்றை மச்சான்தான் காட்டினான். அறுபது வயதுக்காரர், எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய தமிழ் முழுக்க அவர் ஆயாவின் அடுப்படியிலிருந்து வந்தது, அதனால் இன்ஜின் ஆயிலையும் எண்ணெய் என்றே சொல்வார். "தம்பி, எண்ணெய் சாப்புடுதா? டர்போவ அப்புறம் பாப்போம்" என்றார். டர்போவிலிருந்து காற்று போகும் இன்டர்கூலர் பைப்பைக் கழற்றிச் சாய்த்தார், ஒரு டம்ளர் ஆயில் கொட்டியது. எனக்கு டர்போதான் என்று உறுதியாகிவிட்டது. அவர் பேசாமல் இன்ஜின் மேலிருந்த பிரீதரை, உள்ளே சேரும் புகைக்காற்று வெளியேறும் வழியை, கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார், புளிக்கரைசல் மாதிரி கறுப்பாக அடைத்துக் கிடந்தது. அந்த வழி அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும், டர்போவிலிருந்து ஆயில் கீழே திரும்ப முடியாமல் சீல் வழியாகக் கசியும். சீல் கெட்டுப்போகவில்லை, போக வழியில்லாமல் ஆயில் அதைத் தாண்டி வருகிறது, அவ்வளவுதான். புது பிரீதர், பைப் கழுவியது, ஆயில் எல்லாம் சேர்த்து 3,100 ரேண்ட். இப்போது 7,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்கூடக் குறைவதில்லை.

ஆயில் எரிவதில் செலவைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கரியை டிபிஎஃப் எரித்துவிடும், ஆயில் எரிந்து விடும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் ACEA C3 என்கிற தரக்குறி போட்ட, சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள். மலிவு என்று லாரி ஆயிலை ஊற்றாதீர்கள். டீசலும் முடிந்தவரை கந்தகம் குறைந்த 10 பிபிஎம் போடுகிறேன். இங்கே பெட்ரோலுக்கு அரசு விலை வைக்கிறது, டீசலுக்குச் சில்லறை விலைக் கட்டுப்பாடு இல்லை, பங்குக்குப் பங்கு மாறும், விசாரித்துப் போடுங்கள்.

இன்னொன்று. பெட்ரோல் பங்கில் முன்கண்ணாடியைத் துடைத்து, ஆயில் பார்க்கவா என்று கேட்கிற பையன்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அணைத்த உடனே டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் இன்னும் மேலேதான் இருக்கும், குறைவாகக் காட்டும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால் அளவு மீறிவிடும். ஐந்து பத்து நிமிடம் விட்டு, சமதளத்தில் பாருங்கள். சாட்ஸ்வர்த்தில் சமதளத்துக்கு எங்கே போவது? என் வீட்டு டிரைவ்வே ஏணி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கோவில் கார் பார்க்கில்தான் பார்க்கிறேன், அர்ச்சனைத் தட்டோடு ஒரு டிஷ்யூவும் போகும்.

வாரண்டி உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி: வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டினால் மடங்காதீர்கள். தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, வெளியேயும் செய்துகொள்ளலாம். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள், வெளியே செய்த வேலையால் ஏதாவது கெட்டால் அது நம் தலையில்தான்.

மச்சானின் பழைய 3 லிட்டர் ஃபார்ச்சூனர் 3 லட்சம் தாண்டிவிட்டது. 10,000-க்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றுகிறான், நடுவில் ஊற்றியதே இல்லையாம். சவாரி மாட்டு வண்டி மாதிரிதான், ஆனால் அதை அவனிடம் சொல்ல முடியாது, நான் பீற்றியதை அவன் இன்னும் மறக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மாதம் இரண்டு தடவையாவது ஹைவே போகிறவர்கள் தைரியமாக வாங்கலாம். வாங்கும் முன் இன்டர்கூலர் பைப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் என்றால் இது வேண்டாம், பெட்ரோலோ ஹைபிரிடோ போதும். மனைவியும் அதையேதான் சொல்கிறாள், புரோஸ்பெக்டனில் நம் ஊரிலேயே செய்கிற கொரோலா கிராஸ் ஹைபிரிடைப் பார்த்து வைத்திருக்கிறாள். ஹைவேயில் அந்த வாராந்திர அரை மணி நேரம் என்ன ஆவது என்று கேட்டேன், அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்றாள்.