பிரிட்டனில் தவணைக் காரைத் திருப்பிக் கொடுப்பதா, கடனை அடைத்து விற்பதா?

பிரிட்டனில் தவணையில் எடுத்த காரின் மாதக் கட்டணம் கைக்கு மீறிப் போகும்போது, வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் கடனும் அத்தோடு தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி ஒப்பந்தத்தை முறித்துத் திருப்பிக் கொடுப்பது ஒரு வழி, கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு வண்டியை விற்பது இன்னொரு வழி, கட்ட முடியவில்லை என்று சாவியை ஒப்படைத்துவிடுவது மூன்றாவது வழி. முதலும் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், பணக் கணக்கில் அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான பவுண்டு வேறுபாடு வரக்கூடும்.

சட்டத்தின் 99, 100ஆம் பிரிவுகள் தரும் முறிக்கும் உரிமை ஹெச்.பி. (முழு விலையையும் மாதத் தவணைகளிலேயே கட்டி முடிப்பது), பி.சி.பி. (மாதத் தவணையைக் குறைத்து, கடைசியில் ஒரு பெரிய தொகையை விட்டுவைப்பது) போன்ற தவணை ஒப்பந்தங்களுக்கு மட்டுமே உண்டு. வங்கியில் தனிநபர் கடன் எடுத்து வாங்கிய காருக்கும் லீஸ் காருக்கும் அது கிடையாது. முன்பணம், வட்டி, கட்டணங்கள், கடைசியில் கட்ட வேண்டிய பலூன் தொகை எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் பாதியைக் கட்டியிருந்தால், நிலுவைத் தவணை எதுவும் இல்லாத நிலையில், வண்டியைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். பாதிக்குக் குறைவாகக் கட்டியிருந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கூடுதலாகக் கட்டியிருந்தால் அது திரும்பி வராது.

பலூன் தொகையும் இந்த மொத்தத்தில் சேர்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மொத்தம் 24,000 பவுண்டு, முன்பணம் 2,400, மாதம் 250 வீதம் 48 தவணை, பலூன் 9,600 என்று ஒரு பி.சி.பி. ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். பாதியான 12,000 பவுண்டை எட்ட 39ஆவது தவணை வரை போக வேண்டும். அதே மொத்தமும் அதே முன்பணமும் உள்ள ஹெச்.பி. என்றால் மாதத் தவணை 450 ஆகும், 22ஆவது தவணையிலேயே பாதி தாண்டிவிடும்.

அந்த பி.சி.பி.யில் 30 தவணை கட்டியவர் 9,900 பவுண்டு கொடுத்திருப்பார். முறிக்க இன்னும் 2,100 தேவை. அன்றைக்குக் கடனை அடைக்க நிறுவனம் கேட்கும் தொகை, வட்டித் தள்ளுபடி போக, 13,000 என்று வைத்துக்கொண்டால், வண்டி 10,500க்கு விலைபோனால் விற்பவருக்கு 2,500 நட்டம், ஆகவே முறிப்பதே மேல். 12,000க்குப் போனால் நட்டம் 1,000 மட்டும், விற்பதே மேல். எனவே அடைப்புத் தொகையை எழுத்தில் வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் வண்டிக்கு விலை கேட்காமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

மூன்றாவது வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாவியை வாங்கிய நிறுவனம் வண்டியை ஏலத்தில் விற்று, கிடைத்த தொகையைக் கடனில் கழித்து, மீதியை உங்களிடமே கேட்கும். இதில் பாதி என்ற எல்லையே கிடையாது. தொலைபேசியில் பேசும்போது 'தானாக ஒப்படைப்பு' என்ற பொருளில் ஒரு படிவம் அனுப்பப்பட்டால் அதில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். தவணை தவறி, நிறுவனமே ஒப்பந்தத்தை முறித்துவிட்டால் உங்கள் முறிக்கும் உரிமை போய்விடும் என்பதால், தாமதமும் ஆபத்தே.

வண்டியை நியாயமான கவனத்துடன் வைத்திருந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. வழக்கமான தேய்மானத்துக்குப் பணம் கேட்க முடியாது. நடைபாதை விளிம்பில் உரசிச் சிதைந்த அலாய் சக்கரத்துக்குக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன அளவைத் தாண்டி ஓட்டிய மைல்களுக்குக் கட்டணம் கேட்பதுதான் அடிக்கடி தகராறாகிறது. நிறுவனத்திடம் முறையிட்டு எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் இலவசமாகப் போகலாம். ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும், உள்ளேயும், ஓடிய மைல் காட்டும் திரையையும் படமெடுத்து வையுங்கள்.

பாதித் தொகை எவ்வளவு என்பது உங்கள் ஒப்பந்தத்தாளிலேயே, முறிக்கும் உரிமை பற்றிய கட்டத்துக்குள், பவுண்டில் அச்சிட்டிருக்கும். கடிதத்தில் 99ஆம் பிரிவின்படி முறிக்கிறேன் என்று தெளிவாக எழுதி, தேதியிட்டு, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.