பழைய பட்ஜெட் ட்ரெட்மில்: நடக்கத் தாராளம், ஓடப் போதாது

எங்கள் வீட்டில் இருப்பது பல வருடம் உழைத்த, குறைந்த விலை மாடல். ஆப், புளூடூத், பெரிய திரை எதுவும் கிடையாது. நானும் அம்மாவும் அன்றாடம் இதில்தான் நடக்கிறோம். இந்த மாதிரி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: நடக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் திரையைப் பார்த்து வாங்காதீர்கள், பெல்ட்டைப் பாருங்கள்.

முதலில் அளவு. இதன் பெல்ட் 40 செ.மீ. அகலம், நடக்கும் பரப்பு 110 செ.மீ. நீளம். நடைக்கு இது போதும். ஓட ஆரம்பித்தால் கால் எட்டி விழும், பின்னங்கால் பெல்ட்டின் விளிம்புக்குப் போய்விடும். ஓடுவதற்கு 140 செ.மீ.யாவது வேண்டும், உயரமானவர்களுக்கு அதற்கும் மேல். பக்கவாட்டு ஸ்டிக்கரில் மோட்டாரின் திறன் 2.5 எச்பி (குதிரைத்திறன்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘பீக்’ என்றும் இருக்கும். அது மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். அரை மணி நேரம் இடைவிடாமல் தரும் திறன் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

வேகம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கையால் நகர்த்தி முழுச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 2.5 மீட்டர். அப்படியானால் 20 சுற்றுக்கு 50 மீட்டர், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 36 விநாடி ஆக வேண்டும். ஆள் இல்லாமல் ஓடவிட்டபோது சரியாக 36. நான் ஏறி நடந்தபோது 38. திரை 5 என்றே காட்டிக்கொண்டிருந்தது, உண்மையில் ஓடியது 4.7தான்!

காரணம் பெல்ட்டுக்கும் அடியில் உள்ள பலகைக்கும் நடுவே உராய்வு. பெல்ட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுத் தடவினால் வறவறவென்று இருந்தது. இரண்டு பக்கமும் சிலிகான் எண்ணெய் விட்டு, மெதுவாகச் சற்று நேரம் ஓடவிட்ட பிறகு 37 விநாடிக்கு வந்தது, மோட்டார் மூடியின் சூடும் குறைந்தது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உராய்வு கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், அந்தச் சுமை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டுக்குப் போகும். பழைய மாடலுக்கு அந்த போர்டு கிடைப்பதே சிரமம். அப்புறம், சிலிகான் எண்ணெய் தவிர வேறு எதையும், குறிப்பாகத் துரு நீக்கும் ஸ்பிரேயை, உள்ளே விடாதீர்கள்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின் போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனை கொண்ட திருகுசாவி) கால் சுற்று கடிகார முள் திசையில் முறுக்கி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்திருந்தாலோ, பலகையின் வழவழப்பு தேய்ந்து மரம் தெரிந்தாலோ அந்த மெஷின் வேண்டாம்.

கலோரி எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. எடையையே கேட்காமல் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கணக்குச் சொல்கிறது. கைப்பிடியில் உள்ள நாடித்துடிப்பு சென்சாரும் நடக்கும்போது தாவித் தாவிக் காட்டும்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது இதன் கைப்பிடி. நீளமாக, ஆடாமல் இருக்கிறது. அம்மா அதை லேசாகத் தொட்டுக்கொண்டு நிம்மதியாக நடக்கிறார். சிவப்புக் கயிற்றில் தொங்கும் பாதுகாப்புச் சாவியை உடையில் மாட்டாமல் அவரை ஏறவிடுவதில்லை. வாங்கப் போகிற இடத்தில் அந்தச் சாவியை இழுத்துப் பாருங்கள். பெல்ட் நிற்கவில்லை என்றால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.