ஸ்லைடா, கொப்பியா, அசையும் படமா?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அவசரத்துக்குப் பிடித்ததுதான் சூம். இன்றும் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சாதாரண தர விஞ்ஞான ரியூஷன் வகுப்புகள் சில அதில்தான் ஓடுகின்றன. அதில் படம் காட்டிப் படிப்பிக்க மூன்று வழிகளை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஸ்லைட். ஆசிரியர்களான நம்மில் பலருக்கு இதில்தான் ஆசை. ஆனால் பிள்ளை பார்ப்பது போனில். போனை நிமிர்த்திப் பிடித்தால், அகலமான ஸ்லைட் திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் எட்டு வரி தமிழை அடைத்தால் யாருக்குத் தெரியும்? அப்படித் தெரிந்தாலும், அதே வரிகளை நாமும் வாய்விட்டு வாசிக்கிறோம். படத்தோடு பேச்சு போதும், அதே பேச்சை எழுத்திலும் போட்டால் கற்றல் குழம்பும் என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பரிசோதனைகளோடு எழுதியிருக்கிறார். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஸ்லைட், அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் கோணல்மாணல் ஆங்கில எழுத்தாகத் திறக்கும் கூத்து தனி. நுணுக்குக்காட்டியில் எடுத்த கலத்தின் படம் போன்ற புகைப்படங்களுக்கு மட்டும் ஸ்லைடை விட ஆளில்லை.

அடுத்தது கொப்பி. இன்னொரு போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல், திரை மேலே இருக்க மல்லாக்க வைத்து, பின்பக்கக் கமரா கீழே தாளைப் பார்க்கும்படி விட்டால் போதும். அந்தப் போனையும் வகுப்பில் இணையுங்கள், ஆனால் அதில் ஒலியை இணைக்காதீர்கள், எதிரொலி கொல்லும். வலக்கையால் எழுதுபவர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கை நிழல் தாளில் விழாது. இந்த வழிக்கே என் வாக்கு. இதயத்தைக் கீறும்போது இடது இதயவறையின் சுவரை மட்டும் பேனையால் அழுத்தி அழுத்தித் தடிப்பாக்கிவிட்டு, "ஏன் இது மட்டும் இவ்வளவு தடிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதானே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தயாராக வந்து நிற்கும் படத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கீறும் வேகமும் பிள்ளை கொப்பியில் பார்த்துக் கீறும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று என்பது இன்னொரு வசதி. கோடு கொஞ்சம் கோணலானால் ஆகட்டும்.

ஆனால் மின்னோட்டத்தைத் தாளில் ஓடவிட முடியாது. அங்கே கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனையாக்கங்கள், அதாவது திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் அசையும் மாதிரிகள்தான் கெட்டிக்காரர்கள். இலவசம், பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. மின்குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, அப்புறம் வெளியே வருவது குறைவு என்று நம்பும் பிள்ளைக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. சுற்றைப் பூட்டி, குமிழுக்கு முன்னும் பின்னும் இலத்திரன்கள் ஒரே வேகத்தில் நகர்வதைக் காட்டினால் நம்பிக்கை ஆடத் தொடங்கும். நாமே திரையில் பகிர்ந்தால் அசைவு விக்கி விக்கித்தான் போய்ச் சேரும். சூமில் வீடியோவுக்கான பகிர்வுத் தெரிவைப் போட்டால் ஓரளவு சரி. அதைவிட இணைப்பைப் பிள்ளைகளுக்கே அனுப்பி, அவர்கள் போனில் சுற்றைக் கட்டச் சொல்வது நல்லது.

பதிவுசெய்த வீடியோ? வகுப்பைத் தவறவிட்டவருக்கு உதவும், அவ்வளவுதான்.

சூமின் இலவசக் கணக்கில் கிடைப்பது 40 நிமிடம். என் கணக்குப்படி அதில் 25 கொப்பிக்கு, 10 பாவனையாக்கத்துக்கு, மிச்சம் பிள்ளைகளின் கேள்விக்கு. ஸ்லைட் முன்னதாகவே பிடிஎஃப் ஆக வட்ஸ்அப்பில் போய்விடட்டும்.