கப்ஹெட்டா, ஆமைகளா, டக்டேல்ஸா? கார்ட்டூனுக்குள் நுழைய மூன்று வாசல்கள்

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை டக்டேல்ஸ் போடுவார்கள். எல்லாரும் இந்தியில் பேசுவார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனால் கிழட்டு வாத்து ஒன்று தங்கக் காசுக் குவியலில் தலைகீழாகப் பாய்ந்து நீச்சலடிப்பதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? அதே வருடங்களில் சித்தப்பா வீட்டில் டிவியோடு இணைக்கும் வீடியோ கேம் பெட்டி இருந்தது. கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். கார்ட்டூன் ஒரு பக்கம், கேசட் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் எப்படி இருக்கும் என்று நானும் சித்தப்பா மகனும் பேசாத நாள் கிடையாது.

அந்த ஆசையைக் கையில் பிடித்துத் தருவதாகச் சொல்லும் மூன்று விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஸ்டூடியோ எம்டிஹெச்ஆரின் கப்ஹெட் (2017). ட்ரிப்யூட் கேம்ஸ் செய்து டாட்இமு வெளியிட்ட டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்சா டர்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச் (2022), சுருக்கமாக ஆமைகள். வேஃபார்வர்ட் செய்து கேப்காம் வெளியிட்ட டக்டேல்ஸ் ரீமாஸ்டர்ட் (2013). மூன்றும் ஒரே வகை அல்ல. கப்ஹெட்டில் பெரும்பாலும் பாஸ் சண்டைதான், அதாவது பெரிய வில்லன் ஒருவனோடு மோதுவது. ஓடிக்கொண்டே சுட வேண்டும். ஆமைகள் தெருவில் நடந்தபடி எதிரே வருகிறவர்களையெல்லாம் அடித்துத் தள்ளுவார்கள். டக்டேல்ஸ் தாவிக் குதிக்கும் பிளாட்பார்மர். ஆனாலும் வாங்க நினைக்கிறவருக்கு ஆசை ஒன்றுதான், அதனால் ஒப்பிடலாம்.

கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் இயந்திரம் காசு வாங்கப் பிறந்தது. ஆடுகிறவர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். நம் நினைவில் தங்கியதோ செத்தது அல்ல, பக்கத்தில் நின்றவன், திரையில் ஓடிய படம், பின்னால் ஒலித்த பாட்டு. ஆகவே ஒரு ரெட்ரோ விளையாட்டை, அதாவது பழைய பாணியில் புதிதாகச் செய்ததை, எடைபோட நான் கேட்பது ஒரே கேள்வி: பழசில் எதை வைத்துக்கொண்டாய், எதைத் தைரியமாகத் தூக்கிப்போட்டாய்?

படத்தில் கப்ஹெட்டை அடிக்க ஆளில்லை. கனடாவைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய வேலை இது. ஒரு கட்டத்தில் வீட்டை அடமானம் வைத்துத்தான் தொடர்ந்தார்கள். 1930-களில் பாப்பாயையும் பெட்டி பூப்பையும் திரையில் ஆடவிட்ட ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் பாணிதான் அவர்கள் குறி. கை, கால்களில் எலும்பே இல்லாததுபோல, ரப்பர் குழாய்போல வளைந்து நெளியும் உருவங்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் தந்திரம் செய்து கொண்டுவரவில்லை. காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மை போட்டு, வாட்டர்கலரில் பின்னணி தீட்டினார்கள். உருவங்களுக்கு வண்ணம் மட்டும் கம்ப்யூட்டரில். உருவங்களின் அசைவு பழைய கார்ட்டூன்போலவே நொடிக்கு 24 பிரேம். ஆனால் நாம் பட்டன் அழுத்துவதை விளையாட்டு நொடிக்கு 60 முறை கவனிக்கிறது. கண்ணுக்கு 1930, விரலுக்கு இன்றைய காலம். அதனால்தான் பழைய படம்போல ஓடினாலும் கட்டுப்பாடு தளர்வாகத் தெரிவதில்லை.

முதல் தீவில் வரும் காய்கறித் தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு உருளைக்கிழங்கு மண் கட்டிகளைத் துப்பும். அது முடிந்தால் ஒரு வெங்காயம் எழுந்து ஓவென்று அழும். அதன் கண்ணீர்த் துளிகள் மேலிருந்து மழையாகக் கொட்டும், நனைந்தால் உயிர் போகும். "அப்பா, வெங்காயம் நம்மள அழ வைக்கும்னு தெரியும், இங்க அதுவே அழுது நம்மளக் கொல்லுதே!" என்றாள் என் மகள். அவளுக்குப் பத்து வயது, கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு அது பழசாகவே தெரியவில்லை. நானும் 1930-இல் பிறந்தவன் இல்லையே. நாம் யாரும் வாழாத ஒரு காலத்தின் மேல் ஏக்கம் உண்டாக்குகிறது இந்த விளையாட்டு. கிறிஸ்டஃபர் மேடிகன் இசையமைத்து, உண்மையான ஜாஸ் குழுவை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்த இசைக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

சரி, எதைத் தூக்கிப்போட்டது? காசு விழுங்கும் அநியாயத்தை. கப்ஹெட்டில் மூன்று அடி வாங்கினால் முடிந்தது, உண்மை. ஆனால் செத்ததும் ஒரு கோடு வரைந்து காட்டும். பாஸை எதுவரை தள்ளியிருக்கிறாய், முடிவுக் கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதில் தெரியும். ஒரு பட்டன் தட்டினால் அடுத்த நொடி மறுபடி சண்டை. எத்தனை முறை செத்தாலும் எதையும் இழப்பதில்லை. கொடி தெரிகிறது என்பதாலேயே இருபதாவது முறையும் எழுந்து நிற்கிறோம். இது எளிய யோசனைதான், ஆனால் பழைய விளையாட்டுகள் இதை நமக்குத் தரவில்லை.

வைத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 'சிம்பிள்' என்று ஒரு எளிய நிலை வைத்திருக்கிறார்கள். அதில் பாஸை ஜெயித்தாலும் அவனுடைய ஆன்ம ஒப்பந்தம் (கதைப்படி, சூதாட்ட விடுதி நடத்தும் சாத்தானுக்கு நாம் வசூலித்துத் தர வேண்டிய பத்திரம்) கைக்கு வராது. ஒப்பந்தங்கள் இல்லாமல் சூதாட்ட விடுதிக்குள் போக முடியாது, கதையின் முடிவையும் பார்க்க முடியாது. ஒரு குழந்தை எளிய நிலையில் மூன்று தீவுகளையும் தாண்டி வந்து, கதவுக்கு முன்னால் திருப்பி அனுப்பப்படுகிறது. இவ்வளவு அன்போடு வரைந்ததை எல்லாரும் பார்க்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2022-இல் வந்த கூடுதல் பகுதியை வாங்கினால் மிஸ் சாலிஸ் என்ற பாத்திரம் கிடைப்பாள். மூன்றுக்குப் பதில் நான்கு உயிர், இரட்டைத் தாவல், அடிபடாமல் உருளும் வசதி எல்லாம் அவளுக்கு உண்டு. அவளைப் பழைய தீவுகளிலும் ஆடலாம். என் மகள் அவளை வைத்துத்தான் முன்னேறினாள்.

ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச் வேறு திசையில் போகிறது. கப்ஹெட் கார்ட்டூனை நினைவில் வைத்திருக்கிறது என்றால், இது கார்ட்டூனிலிருந்து வந்த ஆர்கேட் இயந்திரத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஆமைகள் கார்ட்டூன் தொடங்கியது 1987-இல். 1989-இல் கொனாமி அதை ஆர்கேடுக்குக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியின் முன்னால் நான்கு பேர் தோளோடு தோள் உரச நின்று ஆடலாம். அந்த நெரிசல்தான் இந்த விளையாட்டின் உயிர். படம் முழுக்கப் பிக்சல். கார்ட்டூன்போல வரையாமல், ஆர்கேட் காலத்து உருவங்களை இன்னும் நயமாக அசையவிட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்திலேயே சேனல் 6 டிவி நிலையத்துக்குள் நுழைந்தால் வில்லன் ஷ்ரெடரின் ஃபுட் கிளான் அடியாட்கள் அலுவலக ஊழியர்கள்போல மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் பக்கத்தில் போனதும் துள்ளி எழுந்து சண்டைக்கு வருவார்கள். இப்படிச் சின்னச் சின்ன வேலைப்பாடு 16 கட்டங்களிலும் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கண்ணில் படாத ஒன்று அகப்படுகிறது.

1987 கார்ட்டூனில் நான்கு ஆமைகளுக்கும் குரல் கொடுத்த அதே நால்வரை மறுபடி அழைத்துவந்திருக்கிறார்கள். டீ லோப்ஸின் இசை கேட்டதுமே தொண்ணூறுகளுக்குள் தள்ளிவிடுகிறது. ஆனால் எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தது இதெல்லாம் அல்ல, இரண்டு சின்ன விதிகள். கூட ஆடுகிறவர் விழுந்துவிட்டால் அவர் பக்கத்தில் போய் பீட்சா ஊட்டி எழுப்பலாம். இன்னொன்று, இரண்டு பேர் பக்கத்தில் நின்று கையோடு கை தட்டிக்கொண்டால், ஒருவருடைய உயிர் கொஞ்சம் மற்றவருக்குப் போகும். பழைய ஆர்கேடில் பக்கத்தில் நின்றவன் செத்தால் அவன் பையில் காசு இருக்க வேண்டும், இல்லையென்றால் வேடிக்கை பார்க்க வேண்டும். இங்கே அந்த இடத்தில் தோழமையை வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் வரை சேர்ந்து ஆடலாம். நான்கு ஆமைகளோடு அவர்களுடைய குரு ஸ்ப்ளின்டரும் நிருபர் தோழி ஏப்ரல் ஓ'நீலும் ஆரம்பத்திலிருந்தே உண்டு; கதையை முடித்தால் நண்பர் கேஸி ஜோன்ஸும் வருவார்.

போன பொங்கல் விடுமுறையில் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் பையனுக்கு ஏழு வயது. கப்ஹெட்டைப் போட்டோம். பத்து நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பேர் ஆடினால் பாஸ்களுக்கு உயிர் கூடிவிடும், திரையில் குழப்பமும் இரட்டிப்பாகும். ஒருவர் செத்தால் ஆவியாக மேலே போவார்; மற்றவர் தாவி அந்த ஆவியைச் சரியான நேரத்தில் தட்டினால்தான் திரும்பி வருவார். தேர்ந்தவர்களுக்கு இது அருமையான விதி, ஏழு வயதுக் குழந்தைக்கு இல்லை. அப்புறம் ஆமைகளைப் போட்டோம். இருப்பதிலேயே எளிதான 'சில்' நிலையில் நாலு பேரும் இரவு பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் விழும்போதெல்லாம் அந்தப் பையன் ஓடிவந்து பீட்சா ஊட்டினான்.

குறையும் சொல்லிவிட வேண்டும். ஆமைகள் விளையாட்டைத் தனியாக ஆடினால் சீக்கிரம் சலிக்கிறது. கதை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அடிக்கும் முறைகள் நிறைய இருந்தாலும், சவால் குறைவாக இருப்பதால் அவற்றைக் கற்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை. தனியாக இருக்கிறவருக்குக் கப்ஹெட் தரும் நிறைவில் கால்வாசி கூட இது தராது. சேமிக்க முடியாத, தொடர்வாய்ப்பு குறைந்த 'ஆர்கேட்' முறை இருக்கிறது. தனியாள் அதையே எடுத்து ஆட வேண்டும்.

இப்போது டக்டேல்ஸ். மனதளவில் எனக்கு மிக நெருக்கமானது இது. ஆனால் மூன்றில் கடைசி இடம்தான் தர முடிகிறது. இது 1989-இல் நின்டெண்டோவின் 8-பிட் பெட்டிக்குக் கேப்காம் செய்த விளையாட்டின் மறு ஆக்கம். ஸ்க்ரூஜ் என்ற அந்தக் கிழட்டு வாத்து ஊன்றுகோலைக் கீழே ஊன்றி ஸ்ப்ரிங்போலத் துள்ளித் துள்ளிப் போகும் அந்த அசைவு 2013-லும் கெடவில்லை. அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலா என்று ஐந்து இடங்களையும் நாம் விரும்பிய வரிசையில் போகலாம். நிலாவில் ஒலிக்கும் மெட்டு விளையாட்டு இசையிலேயே பெயர்பெற்ற ஒன்று; ஜேக் காஃப்மன் அதைக் கெடுக்காமல் புதுப்பித்திருக்கிறார். ஸ்க்ரூஜுக்கு 1987 தொடரில் குரல் கொடுத்த ஆலன் யங்கே இதிலும் பேசுகிறார். விளையாட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 93. அந்தக் குரலில் தளர்ச்சியே இல்லை. காசுக் கிடங்கில் குதித்து நீந்தவும் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

பிறகு ஏன் கடைசி? எதையும் தூக்கிப்போட மனம் வராமல், மேலே மேலே சேர்த்துவிட்டார்கள். நன்றாகத் துள்ளிக்கொண்டு போகும்போது நிறுத்திவிட்டு ஒரு காட்சி ஓடும். ஸ்க்ரூஜ் ஒரு பொருளைப் பார்த்தால் பேசுவார், பேரன்மார் வந்தால் பேசுவார்கள். கார்ட்டூனைப் பார்க்கும் ஆசையும் விளையாட்டை ஆடும் ஆசையும் இங்கே ஒன்றையொன்று இழுக்கின்றன. கப்ஹெட்டில் சண்டையே கார்ட்டூன். தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. டக்டேல்ஸில் கார்ட்டூன் வரும்போது விளையாட்டு நிற்கிறது. படத்திலும் அதே பிளவு: கையால் வரைந்த உருவங்கள் முப்பரிமாணப் பின்னணிக்கு முன்னால் ஒட்டாமல் நிற்கின்றன. கூட ஆடவும் வழியில்லை, ஒருவர் மட்டும்தான்.

வாங்குவதற்கு முன் யோசிக்க இன்னொரு விஷயமும் இருக்கிறது. டக்டேல்ஸ் ரீமாஸ்டர்ட் 2019 ஆகஸ்டில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்களிடம் மட்டும் இருந்தது. 2020 மார்ச்சில் திரும்பி வந்தது. வாத்துகள் டிஸ்னியுடையவை, விளையாட்டு கேப்காமுடையது. இப்படி இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கும் பொருள் எப்போது வேண்டுமானாலும் அலமாரியிலிருந்து இறங்கலாம். ஆமைகளும் கடன் வாங்கிய பாத்திரங்கள்தான். கப்ஹெட் மட்டும் அதைச் செய்தவர்களுக்கே சொந்தம். பிளேஸ்டேஷன் 4-க்கும் ஸ்விட்சுக்கும் டக்டேல்ஸ் வரவே இல்லை. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள், அதன் மேல் ஆசை இருந்தால், கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

என் வரிசை இது. வீட்டில் குழந்தைகளோ, அடிக்கடி வரும் நண்பர்களோ இருந்தால் முதலில் ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச். வரைகலையில் ஆர்வம் உள்ளவர், தோற்றுத் தோற்றுக் கற்பதில் சுகம் காண்பவர், தனியாக ஆடுபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கப்ஹெட். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு மட்டும் டக்டேல்ஸ், அதுவும் விலை குறையும் நேரத்தில். அமைப்புகளில் ஊன்றுகோலை ஒரே பட்டனில் ஊன்றும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், காட்சிகளைத் தாண்டிவிட்டு நேராக நிலாவுக்குப் போங்கள். ஆமைகளை வாங்குகிறவர்கள் கூடவே இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஒருவர் கீபோர்டில் ஆடலாம்தான். ஆனால் கை தட்டிக்கொள்ளும் பட்டனை அவசரத்தில் தேட வேண்டியிருக்கும்.