கும்பகோணத்தில் ஒரு பழைய பிரஸ்: கல்யாணப் பத்திரிகைக்குப் போகலாம், விசிட்டிங் கார்டுக்கு யோசிக்கணும்

தம்பி கல்யாணப் பத்திரிகையையும் எங்கள் பாத்திரக் கடைக்கு வேண்டிய பில் புக்கையும் இந்த முறை ஒரே இடத்தில் அடித்தோம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவை ஒட்டின சந்து ஒன்றில் இருக்கிற பிரஸ். முதலாளி, அவர் மனைவி, ஒரு மெஷின்மேன், டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைக்கிற ஒரு பெண், அவ்வளவுதான் ஆட்கள். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. இந்த மாதிரி பிரஸ் உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும், அங்கே என்ன கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் வயிறெரிச்சல் என்று தெரிந்துகொள்ளப் பயன்படும்.

பில் புக்கில் ஒரு குறையும் இல்லை. கார்பன் வைக்காமலே அடுத்த தாளில் பதிகிற என்சிஆர் பேப்பர், நம்பர் வரிசை எங்கேயும் தாண்டவில்லை, கிழிப்பதற்காகப் போடுகிற துளை வரிசை (பெர்ஃபரேஷன்) இழுத்தால் நேராகக் கிழிகிறது. போன தடவை ஆன்லைனில் வரவழைத்ததைக் கிழித்தால் பாதி பில் கஸ்டமர் கையிலும் மீதி புத்தகத்திலும் நிற்கும். இங்கே நம்பரிங், பெர்ஃபரேஷன் எல்லாம் மூலையில் நிற்கிற டிரெடில் என்கிற பழைய அச்சு மெஷினில்தான் நடக்கிறது. ஈய எழுத்துகள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன, மெஷினை மட்டும் விற்காமல் இந்த வேலைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் பில் புக் அடிக்க இனிமேல் யார் வருவார்கள்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த நம்பர் போட்டு புது பில் புக் வேண்டும் என்று ஊரே வரிசையில் நின்றதாம். அதற்கப்புறம் நடந்தது நமக்கே தெரியும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடுகிற பில்லுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து அரசு போர்ட்டலில் பதிகிற இ-இன்வாய்ஸ் கட்டாயம், அந்த அளவுக்கு வியாபாரமே இல்லாத மளிகைக் கடையிலும் இப்போது சின்ன பிரிண்டரில் ரோல் பேப்பர்தான் ஓடுகிறது. நாங்கள் இன்னும் கையால் எழுதுவது அப்பாவின் பிடிவாதம்.

பத்திரிகை விஷயத்தில்தான் இவர்களுடைய பலம், பலவீனம் இரண்டையும் பார்த்தேன். மேட்டரை சித்தப்பா போனிலேயே டைப் அடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். டிடிபி பெண் அதை எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினால் முழுக்கக் கேள்விக்குறி. போனில் அடிப்பது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை, பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அது 2001-க்குப் பிறகு பெரிய புது வெர்ஷன் எதுவும் வராத சாஃப்ட்வேர். இவர்களிடம் இருப்பதெல்லாம் பழைய ஃபான்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கீபோர்டு முறை. சரி, யூனிகோடைப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் போடலாமே என்றேன், இலவசமாகவே கிடைக்கிறது. "அதெல்லாம் சரிப்படாது தம்பி, அடிச்சிடுறோம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். முழுக்கத் திரும்ப டைப் அடித்தார்கள், புதுசாகத் தப்பு வந்தது. சித்தப்பா சரியாக அனுப்பின 'அழைக்கிறோம்' திருத்தம் பார்க்கக் கொடுக்கிற புரூஃபில் 'அழைகிறோம்' என்று நின்றது, மாமாவின் இனிஷியல் மாறிப்போனது. ஒவ்வொரு புரூஃபிலும் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று முளைத்தது. இத்தனைக்கும் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல்.

இதே முதலாளிதான், புரூஃபைக் கையில் வாங்கினதும் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எட்டிப் பார்த்து, "தேதியும் கிழமையும் சரியா இருக்கு, ஆனா அன்னிக்குத் தேய்பிறை, நீங்க வளர்பிறைன்னு போட்டிருக்கீங்களே, ஐயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். பார்த்தால் சித்தப்பா பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்திருக்கிறார். இறந்துபோன பெரியப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விட்டுப்போனதையும் அவரே கேட்டார். ஆன்லைன் டெம்ப்ளேட் எதுவும் இதைக் கேட்காது, நாம் அனுப்பினதை அப்படியே பளபளப்பாக அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தாள் விஷயத்திலும் அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பளபளவென்று லேமினேஷன் போட்ட கார்டுதான் வேண்டும் என்று தம்பி நின்றான். அதில் மஞ்சள் ஒட்டாது, தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், அம்மா திட்டுவார்கள் என்று ஒரு பழைய கார்டை எடுத்துத் தடவியே காட்டினார். லேமினேஷன் இல்லாத அட்டையில் அடித்தோம், நாலு மூலையிலும் மஞ்சள் அழகாகப் பிடித்தது.

விசிட்டிங் கார்டு, போட்டோ போட்ட அழைப்பிதழ் மாதிரி கலர் வேலைகளுக்கு இங்கே போகாதீர்கள். இவர்களிடம் இருப்பது ஒற்றைக் கலர் மினி ஆஃப்செட், அதாவது பிளேட்டில் ஏற்றி அடிக்கிற சின்ன அச்சு மெஷின். கலர் வேலை எல்லாம் சிவகாசிக்குப் போய் பார்சலில் திரும்பி வருகிறது. அங்கே பல பேருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பார்கள், அதனால் விலை மலிவு, பக்கத்துக் கார்டுக்காக மையை ஏற்றினால் நம் கார்டின் நிறமும் சேர்ந்து மாறும். எங்கள் கடைக் கார்டில் செம்பு நிறம் செங்கல் நிறமாக வந்தது. போன் திரை ஒளியில் காட்டுகிற ஆர்ஜிபி கலர் அச்சில் அப்படியே வராது, அச்சு மைக்கான சிஎம்ஒய்கே கலருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை வேலையை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம், கார்டு வந்த பிறகுதான் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம், 100 பிரதி கேட்டால் முகம் மாறுகிறது. ஆஃப்செட்டில் பிளேட் போடுவதும் மெஷினை செட் பண்ணுவதும் 100-க்கும் ஒன்றுதான், 1000-க்கும் ஒன்றுதான், அதனால் கொஞ்சமாக அடித்தால் கட்டாது என்பது நியாயமே. ஆனால் ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனதிலிருந்து, சொந்தக்காரர்களுக்கு மட்டும் கார்டு, மற்றவர்களுக்கு வாட்ஸப் என்று பழகிவிட்டோம். 100 கேட்பவன்தான் இப்போது கஸ்டமர், அவனைப் பக்கத்து டிஜிட்டல் கடைக்கு இவர்களே அனுப்பிவைக்கிறார்கள். கலர் டிஜிட்டல் மெஷின் வாங்கக் கடன் எடுத்தால் வட்டிக்கு வேலை வருமா என்று முதலாளி பயப்படுகிறார், அதில் தப்பு சொல்ல முடியாது, பக்கத்துத் தெருவில் வாங்கினவர் ஒருவர் ஏற்கெனவே மூடிவிட்டார். என் எண்ணத்தில் இவர்களுக்கு உடனே வேண்டியது புது மெஷினே இல்லை. யூனிகோடு எடுக்கிற ஒரு சாஃப்ட்வேரும், வாட்ஸப்புக்குத் தனியாக ஒரு போனும் இருந்தாலே பாதிப் பஞ்சாயத்து தீரும். இப்போது மெசேஜ் எல்லாம் முதலாளி போனுக்கே போகிறது, அவர் ராத்திரிதான் பார்க்கிறார்.

போவதாக இருந்தால் சில விஷயங்கள். மேட்டரைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொண்டுபோங்கள், போட்டோ இருந்தால் வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கி மங்கலாக வரும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஜிபே வாங்குகிறார்கள். கடைசி புரூஃபில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டபின் வருகிற தப்பு நம் கணக்கில்தான்.