பளபளக்கும் படத்தில் முத்திரை: எந்த மை நிற்கும்?

தீபாவளி ஆல்பத்துப் படங்களின் ஓரத்தில் கோலமோ மாங்காய் வடிவமோ பதிக்க விரும்புபவர்கள், சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கலைப்பொருள் கடைகளில் ரப்பர் முத்திரைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். மையை மட்டும் கைக்குக் கிடைத்தபடி எடுத்துக்கொள்வார்கள். வேலை கெடுவது அங்கேதான்.

முதலில் தாளைப் பாருங்கள். படக்கடையில் கழுவித் தரும் வண்ணப்படத்தாளின் இருபுறமும் பாலித்தீன் பூச்சு உண்டு. படம் தங்கியிருப்பது ஜெலட்டின் படலத்தில். அட்டையைப்போல் அது மையைச் சட்டென்று உறிஞ்சாது. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிக்கான தாள் வேறு வகை. மையைக் குடிப்பதற்கென்றே செய்தது.

நீரில் சாயம் கரைந்த சாய மை விலை குறைவு, நிறமும் ஏராளம். ஆனால் கடைப் படத்தில் அது திட்டுத்திட்டாக ஒதுங்கி நிற்கும், விரல் பட்டால் இழுபடும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். இங்க்ஜெட் தாளில் உடனே பிடிக்கும், ஆனால் கோலத்தின் மெல்லிய கம்பிகள் கசிந்து தடித்துவிடும். வெளிச்சத்தில் வெளிறுவது தனிக் குறை. படத்துக்கு இது வேண்டாம் என்பேன்.

கரையாத வண்ணத் துகள்கள் கலந்த நிறமி மை இன்னும் மெதுவாகக் காயும். அந்த மெத்தனம்தான் எம்போஸிங்குக்கு, அதாவது வடிவத்தைப் புடைப்பாக எழுப்புவதற்கு, உதவுகிறது. ஈரம் இருக்கும்போதே சூட்டில் உருகும் தங்கநிறப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியால் சூடு காட்டினால், சொரசொரப்பாகக் கிடந்த பொடி ஓரிடத்தில் உருகத் தொடங்கி, பளபளவென்று கோடு முழுக்க ஓடிப் புடைத்து நிற்கும். கண்ணை எடுக்க முடியாத காட்சி அது. தலைமுடி உலர்த்தியை நம்பாதீர்கள். பொடியை ஊதித் தள்ளுமே தவிர உருக்காது. கடைப் படத்திலோ பொடி உருகும் சூட்டில் பாலித்தீனும் கொப்புளித்துத் தாள் சுருண்டுவிடும். கனமான மேட் (பளபளப்பில்லாத) தாளில் அச்சிட்ட படத்துக்குத்தான் இந்த அலங்காரம்.

கடைப் படத்துக்கு ஏற்றது கரைப்பான் மை. ஜப்பானின் சுகினெகோ தயாரிக்கும் ஸ்டேஸ்ஆன் இவ்வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். கரைப்பான் ஆவியாகிப் போவதால், உறிஞ்சாத பரப்பிலும் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். வெளிர்ந்த வானத்தில் கறுப்பு எடுப்பாக இருக்கும். கரும்பட்டுப் புடவை நிறைந்த மூலைக்கு வெள்ளை. வழுக்கும் பரப்பு என்பதால் முத்திரையை நேராக வைத்து, அசைக்காமல் அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும். அலுவலக முத்திரையைக் குத்துவதுபோல் ஓங்கிக் குத்தினால் கோடு இரட்டிக்கும்.

இதற்கும் வில்லங்கம் உண்டு. நெடி வீசும்; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். முத்திரையில் படிந்த மை தண்ணீருக்கு அசையாது, அதற்கென உள்ள துப்புரவுத் திரவம் தேவை. ரப்பருக்குப் பழுதில்லை என்றாலும் நிறம் ஏறிவிடும். கண்ணாடிபோன்ற பாலிமர் முத்திரையோ நாளடைவில் கெடக்கூடும்.

தாத்தா பாட்டியின் ஒரே பிரதியாக இருக்கும் பழைய படத்தில் இவற்றில் எதையும் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து மேட் தாளில் அச்சிட்டுவிட்டால் தங்கப்பொடிக்கும் அதுவே தோதாகிவிடும்.