முதல் டைவ் வாட்ச் வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை: "44 தான் சார்" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் விலை உயர்ந்த டைவ் வாட்ச் (கடலில் முக்குளிப்பவர்களுக்கான நீர்புகா வாட்ச்) வாங்க யோசிப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். சத்துவாச்சாரி நண்பர் ஒருவர் நாலு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வாட்ச் இப்போது பீரோவில் கிடக்கிறது. அது போலி இல்லை, நேரமும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அவர் கைக்கு ஆகவே ஆகாது. விற்றவருக்கு அது கையில் போட்ட நிமிடமே தெரிந்திருக்கும், தெரிந்தேதான் தள்ளிவிட்டார். கடை வைக்காமல் போனில் பேசி, நேரில் கொண்டுவந்து காட்டி விற்கிற ஆள். புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

நடந்தது இதுதான். நண்பரின் மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ. வாட்ச் 44 மி.மீ விட்டமுள்ள ஸ்டீல் டைவர், தடிமன் 15.5 மி.மீ, செயினோடு 210 கிராம். வாட்ஸ்அப்பில் வந்த விவரம் "44 மி.மீ, ஃபுல் செட்", அவ்வளவே. கூட வந்த போட்டோவில் வாட்ச் ஒரு தடித்த கையில் அழகாக உட்கார்ந்திருந்தது. "44 தான் சார், இப்ப எல்லாரும் இதான் போடறாங்க" என்று பேசி, காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டல் அறைக்கு வரச் சொன்னார். இரவு நேரம், ஏசி அறை. கையில் மாட்டியதும் வாட்ச் தொளதொளவென்று பக்கவாட்டில் சரிந்தது. "செயின் பெருசா கீது, அதான். லிங்க் எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துடும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். விலை பேசி முடிக்கும் முன்பே செயினின் கண்ணிகளான லிங்க்கில் நாலைக் கழற்றினார், நாலும் ஒரே பக்கத்தில். "ரொம்ப வெயிட்டா தெரியுதே" என்று கேட்டதற்கு "வெயிட்டா இருந்தாதான் சார் ஒரிஜினல்" என்று பதில்.

மறுநாள் காலை வண்டி ஹேண்டிலைப் பிடித்ததும் வாட்சின் சாவி (நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ்) புறங்கையில் குத்தியது. மதியத்துக்குள் மணிக்கட்டு வலி. திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டால், "லிங்க் எடுத்தாச்சு, ஸ்டிக்கர் பிரிச்சாச்சு, இனி அது செகண்ட்ஸ். வேணும்னா முப்பது பர்சன்ட் கழிச்சு எடுத்துக்கறேன்" என்கிறார். பெட்டியில் பார்த்தால் கழற்றிய நாலு லிங்க்கில் இரண்டுதான் இருக்கிறது. பில்லில் அளவோ, எடையோ, லிங்க் கணக்கோ எதுவும் இல்லை.

இதில் ஒவ்வொரு படியும் முன்கூட்டியே தடுக்கக்கூடியது.

முதலில் விட்டம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அந்த ஓர் எண், வாட்ச் கையில் எப்படி உட்காரும் என்பதைச் சொல்லவே சொல்லாது. ஸ்ட்ராப் மாட்டும் காதுகளை லக் என்போம். மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை உள்ள நீளம்தான் முக்கியம். சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007-இன் விட்டம் 42.5 மி.மீ, லக் முதல் லக் 46 மி.மீ தான். ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மீட்டர் மாடலின் விட்டம் 42 மி.மீ, ஆனால் லக் முதல் லக் 50-ஐ ஒட்டி வரும். விட்டத்தில் சிறியது கையில் நீளமாக உட்காரும். டியூடர் பிளாக் பே 58 விட்டம் 39, லக் முதல் லக் 48-க்குச் சற்றுக் குறைவு. ரோலெக்ஸ் சப்மரினர் 2020-இல் 40-லிருந்து 41 மி.மீ ஆனது, ஆனால் லக்குகளை மெலிதாக்கியதால் கையில் முந்தையதைவிடப் பெரிதாகத் தெரிவதில்லை.

உங்கள் கையை அளப்பதும் சுற்றளவோடு நின்றுவிடக் கூடாது. உள்ளங்கையைக் கீழே வைத்து முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள். மணிக்கட்டு எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால், முழங்கைப் பக்கமாக, வாட்ச் உட்காரும் இடத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். தோல் ஸ்கேலைத் தொட்டுக்கொண்டிருக்கும் தட்டையான பகுதி எத்தனை மி.மீ என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 16 செ.மீ சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்கு அது 52 இருக்கும், உருண்டையான கை உள்ளவருக்கு 47 தான் வரும். லக் முதல் லக் அளவு இந்தத் தட்டைப் பகுதியைத் தாண்டக் கூடாது. நண்பருக்குத் தட்டைப் பகுதி 48, வாட்சுக்கோ 51. இரண்டு பக்கமும் லக் நுனி காற்றில் நின்றது. கழற்றிய நாலு லிங்க்கால் அதை எப்படிச் சரிசெய்ய முடியும்?

செயின் உள்ள வாட்சில் இன்னொன்றும் பாருங்கள். சில மாடல்களில் கேஸோடு (வாட்சின் உலோகக் கூட்டோடு) சேரும் முதல் லிங்க் லக்கைத் தாண்டி நீட்டிக்கொண்டு, வளையாமல் நிற்கும். அப்போது அந்த லிங்க் எங்கே வளையத் தொடங்குகிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும். 48 என்று சொன்னது நடைமுறையில் 52, 53 ஆகிவிடும். ரப்பர் ஸ்ட்ராப்பில் போட்டுக் காட்டிவிட்டுச் செயினோடு விற்பவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள்.

தடிமனைப் பொறுத்தவரை, கண்ணாடி மேல்பக்கம் புடைத்திருப்பது தொந்தரவு இல்லை. பின்மூடி கீழே துருத்திக்கொண்டிருந்தால்தான் வாட்ச் கையில் பதியாமல் மேலே ஏறி நின்று ஆடும். ஃபுல் சட்டையின் கஃப் 12, 13 மி.மீ வரை வழிவிடும். 15-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் மாட்டி நூல் பிரியும். இந்தத் தடிமன் எதற்கு வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் குறைந்தபட்சம் 100 மீட்டரைக் கேட்கிறது, குறித்த ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஆழம் கூடக்கூடக் கண்ணாடியும் மூடியும் தடிக்கும். 300 மீட்டர் சப்மரினர் 13 மி.மீக்குள் அடங்குகிறது, 3900 மீட்டர் ரோலெக்ஸ் டீப்சீ 44 மி.மீ விட்டத்தோடு 17 மி.மீயைத் தாண்டுகிறது. கடலுக்கடியில் தொழில் செய்யாதவருக்கு 200 மீட்டர் தாராளம். "600 மீட்டர் சார், 1200 மீட்டர் சார்" என்று ஒருவர் ஏற்றிச் சொன்னால், அந்த மீட்டரை நீங்கள் தடிமனாகவும் எடையாகவும் தினமும் சுமக்கப்போகிறீர்கள்.

எடையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கனம் என்றால் தரம் என்று நினைப்பது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம், விற்கிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்டீல் ஒரு கன செ.மீக்கு ஏறக்குறைய 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். டைட்டானியத்தில் வந்த டியூடர் பெலகோஸ் 39 செயினோடு 110 கிராமைக்கூட எட்டாது. சப்மரினர் ஸ்டீல் 155 முதல் 160 கிராம். சீமாஸ்டர் டைவர் 300 மீட்டர் ஸ்டீல் செயினோடு 190-ஐ ஒட்டி. இவை எல்லாமே ஒரிஜினல்தான். மலிவான போலிகள் சிலவற்றில் லிங்க் உள்ளே பொள்ளலாக இருப்பதால் எடை குறையும் என்பது உண்மை. ஆனால் இப்போது வரும் நல்ல போலிகள் எடையைக் கிராம் கணக்கில் சரியாகக் கொண்டுவந்துவிடுகின்றன. எடை குறைந்தால் சந்தேகப்படலாம், எடை சரியாக இருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காந்தம் வைத்துக் காட்டுவதும் வேண்டாத வேலை. வாட்சுக்குப் பயன்படும் ஸ்டீலும் டைட்டானியமும் இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

வாங்கும் முன் எடையை வீட்டிலேயே உணர ஒரு வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். 20 நாணயம் 154 கிராம், அதாவது ஒரு சப்மரினர். 14 நாணயம் வைத்தால் பெலகோஸ் 39. 27 நாணயம் வைத்தால் நண்பர் வாங்கிய வாட்ச். நாணயங்களில் பாதிக்குச் சற்று மேல் மணிக்கட்டின் மேல்பக்கமும் மீதி கீழ்ப்பக்கமும் வருமாறு கைக்குட்டையில் முடிந்து கட்டிக்கொண்டு, ஒரு மதியம் முழுக்க வீட்டு வேலை பாருங்கள், எழுதுங்கள், டைப் அடியுங்கள். எடை தாங்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ரப்பர் ஸ்ட்ராப்பில் வாங்கினால் மொத்த எடை 50 கிராமுக்கு மேல் குறையும், ஆனால் கீழே எதிர் எடை இல்லாததால் கனமான தலை (ஸ்ட்ராப், செயின் இல்லாத வாட்ச் மட்டும்) பக்கவாட்டில் சுழலும். தலை மட்டும் 100 கிராமைத் தாண்டினால் ரப்பரில் நிற்பது கஷ்டம்.

விற்பவரிடம் எடை கேட்கும்போது "எல்லா லிங்க்கோடும் சேர்த்தா, தலை மட்டுமா?" என்று பிரித்துக் கேளுங்கள். டிஜிட்டல் தராசில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். நேரில் பார்ப்பதானால் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலைதான்.

போட்டோவை நம்பவே வேண்டாம். போன் கேமராவைக் கைக்கு அருகில் கொண்டுபோனால் வாட்ச் பெரிதாகவும் கை சிறிதாகவும் தெரியும். அதற்கு எதிராக, 19 செ.மீ கையில் மாட்டி எடுத்தால் 44 மி.மீ வாட்சும் அடக்கமாகத் தெரியும். போட்டோவில் இருக்கும் கையின் சுற்றளவைக் கேளுங்கள். நீங்கள் போட்டுப் பார்க்கும்போது கையைத் தொங்கவிட்டு, ஆளுயரக் கண்ணாடிக்கு முன் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பாருங்கள். பிறர் கண்ணுக்கு வாட்ச் அப்படித்தான் தெரியும். பிறகு வண்டி ஹேண்டில் பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பின்னால் மடக்குங்கள். சாவி அழுந்துகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி லிங்க். நண்பருக்குப் பெரிய நஷ்டம் இங்கேதான். வாங்குவது முடிவாகும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடாதீர்கள். செயின் தொளதொளப்பாக இருந்தாலும், வாட்சைக் கையின் மேல் வைத்துச் செயினைக் கீழே விரலால் இறுக்கிப் பிடித்தால் லக் எங்கே நிற்கிறது, முதல் லிங்க் எங்கே வளைகிறது, எல்லாமே தெரியும். கழற்றிய பிறகு திருப்ப முடியாது என்பதால்தான் இவர்கள் ஸ்க்ரூடிரைவரை முதலில் எடுக்கிறார்கள்.

முடிவான பிறகு, செயினில் மொத்தம் எத்தனை லிங்க், அதில் எத்தனை கழற்றக்கூடியது என்று எண்ணிப் போட்டோ எடுங்கள். ஒரு செயினில் ஸ்க்ரூ உள்ள லிங்க் கொஞ்சம்தான், மற்றவை நிரந்தரம். சிறிய கைக்கு எல்லாவற்றையும் எடுத்த பிறகும் தொளதொளப்பாக நிற்கும் மாடல்கள் உண்டு. லாக் (செயினைப் பூட்டும் கொக்கி) இருக்கும் தட்டு வளையாது, அது நீளமாக இருந்தால் சிறிய கையின் அடிப்பக்கத்தில் பாலம்போல் நிற்கும். லிங்க்கை இரண்டு பக்கமும் பகிர்ந்துதான் எடுக்க வேண்டும். வழக்கமாக 6 மணிப் பக்கம் ஒன்று கூடுதலாக எடுப்பார்கள், லாக் மணிக்கட்டின் நடுவில் வர வேண்டும் என்பதற்காக. நாலையும் ஒரே பக்கம் எடுத்ததால் நண்பரின் லாக் கட்டைவிரல் பக்கம் ஏறிக்கொண்டு, டயலை வெளிப்பக்கம் இழுக்கிறது. பல கம்பெனிகள் ஸ்க்ரூவில் பசை போட்டிருக்கும். சூடு காட்டாமல், அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் தலை வழுக்கி, லிங்க்கில் கீறல் விழும். அவர் வாட்சில் இரண்டு ஸ்க்ரூத் தலை அப்படித்தான் பிய்ந்திருக்கிறது. கழற்றிய லிங்க் ஒவ்வொன்றும் உங்கள் பொருள். ஒரிஜினல் லிங்க் தனியாக வாங்கினால் ஒன்றே பல ஆயிரம். அது இல்லாமல் பெரிய கைக்காரருக்கு மறுவிற்பனையும் செய்ய முடியாது.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை, வைகாசியில் இங்கே மதியம் மணிக்கட்டு கண்கூடாக வீங்கும். ஏசி அறையில் இரவில் கச்சிதமாகப் பொருத்திய செயின் மறுநாள் பகலில் தழும்பு பதிக்கும். அதனால் லாக்கில் கருவி இல்லாமல் நீட்டிக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். ரோலெக்ஸின் கிளைட்லாக் 2 மி.மீ படிகளில் சுமார் 20 மி.மீ வரை நீளும். டியூடரின் டி-ஃபிட் ஐந்து நிலைகளில் 8 மி.மீ தரும். இது இல்லாத செயினை இந்த ஊரில் போட்டுக்கொள்வது பெரிய இம்சை. அளவு பார்ப்பதையும் பகலில், வெளியில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்த கையில் செய்யுங்கள்.

பணம் விஷயத்தில், ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடை, பணத்தைப் பெற்ற விற்பனையாளருக்கு அதே தொகை அபராதம். ரொக்கமாகக் கேட்கிறவர் பில்லைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் மாடல் எண், வாட்சின் சீரியல் எண், கேஸ் என்ன உலோகம், மொத்த லிங்க், கழற்றிக் கொடுத்த லிங்க், திருப்பி எடுக்கும் நிபந்தனை இத்தனையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி கார்டில் உள்ள சீரியல் எண் வாட்சில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், விற்ற தேதியும் போட்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க: கைக்குப் பொருந்தவில்லை என்பது மட்டும் சட்டப்படி குறைபாடு ஆகாது. ஆனால் லிங்க்கைக் கொடுக்காதது, ஸ்க்ரூவைக் கெடுத்தது, ஸ்டீலை டைட்டானியம் என்று சொன்னது, போலியான அளவு சொன்னது எல்லாம் புகாருக்கு உரியவை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வாய்ஸ் மெசேஜையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வாட்சை வேறு எங்கும் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள். பிய்ந்த ஸ்க்ரூத் தலை, ஒரே பக்கம் எடுத்த லிங்க் இவற்றை ஸ்கேல் பக்கத்தில் வைத்துத் தெளிவாகப் போட்டோ எடுத்த பிறகுதான் கைவைக்க வேண்டும்.

முன்பணம் கொடுத்துவிட்டு வாட்சுக்குக் காத்திருப்பவர்கள், இன்றே விற்பவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: லக் முதல் லக் எத்தனை, பின்மூடியோடு தடிமன் எத்தனை, எல்லா லிங்க்கோடும் எடை எத்தனை, லிங்க் மொத்தம் எத்தனை, லிங்க் எடுக்கும் முன் வேண்டாம் என்றால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்குமா. பதில் எழுத்தில் வராமல் "நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்" என்று வந்தால் நேரில் போகாமல் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.